வாசலில் ஒட்டிக்கொண்ட கால்

துருவி என்பது அவளுடைய சொந்தப் பெயர் அல்ல. சின்ன வயதில் எதைப் பார்த்தாலும் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டே இருந்ததால் அப்பா வைத்த பட்டப்பெயர். ஐம்பது வயதாகியும் அது அவளை விட்டுப் போகவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிடுகிறவர்கள் இப்போது பேங்க்காரர்கள் மட்டும்தான்.

ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் அவளுக்கு வேலை. வந்திருக்கும் லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, இம்மி பிசகாமல் பொருத்த வேண்டும். புதுக் கண்ணாடி போட்டவர் யாராவது "தலை சுத்துது" என்று திரும்பி வந்தால், முன்கடையில் இருப்பவர்கள் "போகப் போகப் பழகிடும்" என்று அனுப்பிவைக்கப் பார்ப்பார்கள். துருவி பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்பாள்: "எப்ப சுத்துது? படிக்கும்போதா, படி இறங்கும்போதா?" அதோடு முன்கடைக்காரர்களின் முகம் சுருங்கிவிடும். அந்த ஆள் இனி அரைமணி நேரத்துக்கு நகரமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.

கீழ் வீட்டில் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள். மேல் வீட்டில் துருவி தனியாக இருந்தாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் இறங்கி, கம்பியையும் மோட்டாரையும் பார்த்தே காலம் போன மனிதர். அவருக்கு முதலில் வலது கை நடக்கும்போது வீசாமல் போனது. பிறகு சும்மா மடியில் கிடக்கிற கை தானாக ஆடியது. கையெழுத்து வரவரச் சிறுத்தது. குரல் இறங்கியது. சிரித்தாலும் முகத்தில் சிரிப்பு தெரியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் என்றார். அண்ணி அழுதாள். துருவி கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி டாக்டர் கடைசியில் கையெடுத்துக் கும்பிடாத குறையாக, "அம்மா, வெளியில இன்னும் பத்து பேர் உக்காந்திருக்காங்க" என்றார்.

மாத்திரையில் ஓரளவு சமாளித்துக்கொண்டு நாட்கள் ஓடின. சாயங்காலம் தங்கை வீட்டில் டீ குடிக்க அண்ணன் மாடி ஏறி வருவார். ஒருநாள் படியில் காலடிச் சத்தம் வழக்கம்போல மளமளவென்று ஏறி வந்தது. வாசலில் நின்றுபோனது. கதவு திறந்துதான் இருந்தது. துருவி எட்டிப் பார்த்தாள். அண்ணன் நிலைப்படிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பாதம் இரண்டும் தரையை விட்டு எழும்பாமல் படபடவென்று துடித்தன.

"என்னண்ணா, உள்ள வா."

"வரேன்."

வரவில்லை.

"கால்ல ஏதாவது குத்திடுச்சா?"

"இல்ல. ஒட்டிக்கிச்சு."

"எதுல?"

"தரையிலதான். வேற எதுல ஒட்டும்?"

துருவி கையைப் பிடித்து இழுத்தாள். உடம்பு முன்னால் வந்தது, கால் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் முகம் குப்புற விழுந்திருப்பார். அவள் பயந்துபோய்க் கையை விட்டாள். சற்று நேரத்தில் அதுவாகவே விடுபட்டது. அண்ணன் உள்ளே வந்து, ஒன்றும் நடக்காதது போல நாற்காலியில் உட்கார்ந்து டீயைக் கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி துருவிக்குப் பயத்தை விட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. மாடி முழுக்க ஏறி வந்த கால், வழவழப்பான சமதரையில் ஒரு வாசலைத் தாண்ட முடியாமல் நிற்பதாவது! கஷ்டமான வேலையைச் செய்துவிட்டு, சுலபமான வேலையில் மாட்டிக்கொள்கிற நோயா?

அண்ணிக்கு வேறு சந்தேகம். "மாடிக்குப் போகும்போது கால் நல்லாத்தான் இருக்கு. சமையல்கட்டுக்கு வந்து ஒரு கை கொடுங்கன்னா உடனே ஒட்டிக்குது" என்றாள். பாதி வேடிக்கை, பாதி மனத்தாங்கல்.  அண்ணன் மனம் புண்பட்டதா என்று முகத்தைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அண்ணியை இன்னும் வாட்டியது.

துருவி சும்மா இருப்பாளா? கடையிலிருந்து மஞ்சள் டேப் கொண்டுவந்து, சமையல்கட்டு வாசலில் படிக்கட்டு போல இடைவெளி விட்டுக் கோடு ஒட்டினாள். அண்ணனை நடக்கச் சொன்னாள். ஒட்டிக்கொள்ளும் கால், கோட்டைக் கண்டதும் தூக்கி வைத்து ஒவ்வொன்றாகத் தாண்டியது. அண்ணி வாயைப் பிளந்தாள். துருவி குதிக்காத குறைதான். அடுத்த வாரத்துக்குள் வீடு முழுக்க மஞ்சள் கோடு.

"இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்றாள் அண்ணி.

ஆனால் நாள் ஆக ஆக, கண்ணுக்குப் பழகிப்போன கோடுகள் சில இடங்களில் வேலை செய்யவில்லை. துருவி பச்சை டேப்பை முயன்றாள், குறுக்கே ஒட்டிப் பார்த்தாள், கைதட்டித் தாளம் போட்டுப் பார்த்தாள். சில நாள் பலித்தது, சில நாள் பலிக்கவில்லை. ஏன் பலிக்கிறது, ஏன் பலிக்கவில்லை என்று சொல்ல ஆளில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் பின்கூடத்தில் இந்த நோய்க்காரர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடந்தது. நடத்தியவள் இளவயது பிசியோ. பாட்டுப் போட்டுவிட்டு, கட்டைக்குரலில் "பெரிசா! இன்னும் பெரிசா! கையை வீசுங்க, வானத்தைத் தொடுற மாதிரி!" என்று கத்துவாள். துருவி அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய், ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் பிசியோ எல்லோரையும் உட்காரச் சொன்னாள். வாடகை கொடுத்துக்கொண்டிருந்த டிரஸ்ட் கையை விரித்துவிட்டது. இந்த வருஷத்தோடு சரி.

அவள் கூடவே ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண்ணை அழைத்து வந்திருந்தாள். மருத்துவக் கல்லூரியில் நடையை ஆராய்கிறவள். அவர்களுக்கும் பணத் தட்டுப்பாடு. காலடி விழும் விதத்தை அளக்கிற விரிப்பு ஒன்று வாங்க வேண்டுமாம். இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது நிகழ்ச்சி வைத்துப் பணம் திரட்டினால், பாதி வகுப்புக்கு, பாதி ஆராய்ச்சிக்கு என்று யோசனை.

துருவி அந்தப் பெண்ணை விடவில்லை. வழியை மறித்துக்கொண்டு கேட்டாள்: "படி ஏறுது, வாசல்ல ஒட்டுது. ஏன்?"

ஆராய்ச்சிக்காரி சிரித்தாள். "நடக்கும்போது நாம கால் எடுத்து வைக்கறதைப் பத்தி யோசிக்கறதில்ல, இல்லையா? அது தானா ஓடற வேலை. அந்தத் தானா ஓடற பாதைதான் இந்த நோய்ல பழுதாகுது. படிக்கட்டுல ஒவ்வொரு விளிம்பும் கண்ணுல படுது. இங்க காலை வை, இங்க காலை வைன்னு சொல்லுது. அப்ப மூளை வேற வழியா வேலையை முடிச்சுக்குது. அப்படித்தான் நெனைக்கறோம்."

"நெனைக்கறீங்களா? தெரியாதா?"

"முழுசாத் தெரிஞ்சா விரிப்புக்கு எதுக்குக் காசு கேட்டுட்டு வரப் போறேன்?"

துருவிக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது.

என்ன நிகழ்ச்சி வைப்பது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பாட்டுக் கச்சேரி, ஓட்டப்பந்தயம், ஏலம். அண்ணன் ஏதோ முணுமுணுத்தார். யாருக்கும் கேட்கவில்லை. துருவி காதை அவர் வாயருகே கொண்டுபோய்க் கேட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"படி ஏறலாம்னு சொல்றார். அவர் லிஃப்ட் போட்ட பதினாலு மாடிக் கட்டடத்துல. நாங்க ஏறுறோம், மாடிக்கு இவ்வளவுன்னு ஊர்க்காரங்க குடுக்கட்டும்."

 பிசியோ கைதட்டினாள்.

கட்டடத்தின் மேனேஜர் அண்ணனுக்குப் பழக்கமானவர். "வாழ்நாள் பூரா ஜனங்களைப் படி ஏற விடாம பண்ணின மனுஷன், இப்ப படி ஏறப் போறாரா!" என்று சிரித்துவிட்டு, விடுமுறை நாளில் இடம் தர ஒப்புக்கொண்டார். அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தவர், மற்றவர்கள் எவ்வளவு கொடுக்கிறார்களோ அதே அளவு நானும் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அது கிடைத்தால் வகுப்பும் பிழைக்கும், விரிப்பும் வரும்.

அந்த நாளும் வந்தது. பிசியோ ஏற்பாடுகளில் கறார்ப் பேர்வழி. ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி, தண்ணீர். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு துணை. முடிகிற வரைக்கும் ஏறினால் போதும். இறங்குவதற்கு லிஃப்ட்தான், யாரும் வீம்பு பண்ணக்கூடாது. மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரமாகப் பார்த்து ஆளுக்கு ஒரு நேரம் குறித்திருந்தாள். ஓய்வுபெற்ற தபால்காரர் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, "எனக்கு இது போதும், இங்கேயே ஒரு வேலை போட்டுக் குடுங்க" என்றார். பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி கைப்பிடியை விடாமல் ஒன்பதாம் மாடி வரை போனாள்.

அண்ணன் ஏறியதுதான் பேச்சாகிப் போனது. துருவி பின்னால் மூச்சு வாங்க ஓடினாள். அவர் கால் ஒவ்வொரு படியையும் கேட்டு வாங்கிக்கொண்டது போலப் போனது. பத்தாம் மாடித் திருப்பத்தில் யாரோ போனில் வீடியோப் படம் பிடித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. உச்சியில் பிசியோ அவரைக் கட்டிப்பிடித்தாள். அண்ணி லிஃப்டில் முன்னாலேயே மேலே வந்து காத்திருந்தவள், துண்டால் அவர் முகத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டுத் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஒரு சேதி வந்தது. அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியிருந்தது. ஜவுளிக்கடைக்காரர் பிசியோவுக்குப் போன் போட்டார்.

"பதினாலு மாடியை இப்படி ஏறுறவர் நோயாளியா? என் கடைப் பசங்க இவ்வளவு வேகமா ஏற மாட்டாங்க. நான் ஏமாளின்னு நெனைச்சீங்களா?"

கொடுத்த வாக்கை நிறுத்திவைத்துவிட்டார். அதைக் கேள்விப்பட்டு இன்னும் நாலைந்து பேர் பின்வாங்கினார்கள்.

துருவிக்குக் கோபம் தலைக்கேறியது. "நான் போய் நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினாள்.

அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் பேசுவது கேட்க அவள் கிட்டே வர வேண்டியிருந்தது.

"அவர் என்ன கேட்டார்?"

"இப்படி ஏறுற ஆளுக்கு நோயான்னு கேட்டார். என்ன திமிர் பாரு!"

"நீ என்ன கேட்ட? படி ஏறுது, வாசல்ல ஏன் ஒட்டுதுன்னு. ரெண்டும் ஒரே கேள்விதானே."

"நான் சந்தேகப்பட்டுக் கேக்கல."

"சந்தேகப்பட்டாத்தான் என்ன. உங்கண்ணி பட்டா. அவளை அடிக்கவா போனே?"

அண்ணி சமையல்கட்டிலிருந்து தலையை நீட்டினாள். "நான் பட்டது வாஸ்தவந்தான். இப்ப எதுக்கு அது?" என்றாள். கொஞ்சம் நின்று, "அவரை வந்து பாக்கச் சொல்லுங்க. நான் தினமும் பாக்கறதை அவரும் ஒருநாள் பாக்கட்டும்" என்றாள்.

துருவி ஜவுளிக்கடைக்குப் போனாள். நாலு கேள்விக்குப் பதிலாக ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "செவ்வாய்க்கிழமை வாங்க. எங்ககிட்டயும் பதில் கிடையாது. வந்து பாருங்க."

ஜவுளிக்கடைக்காரர் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு, கூடத்தின் மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் பாட்டுக்கு ஏற்பக் காலைத் தூக்கி வீசி நடந்ததைப் பார்த்து அவர் முகம் இன்னும் இறுகியது.  மாத்திரை அன்றைக்கு நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது. தினமும் சரியாக இருக்க வேண்டும் என்று துருவி யாருக்காக வேண்டிக்கொள்வாளோ அந்த அண்ணனுக்கே, இன்றைக்கு ஒருநாள் சரியில்லாமல் போகட்டும் என்று தன் மனம் கேட்பதை உணர்ந்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வகுப்பு முடிந்தது. யாரும் எதையும் காட்டவில்லை. ஜவுளிக்கடைக்காரர் வாசலை நோக்கிக் கிளம்பினார். அவருக்கு முன்னால் அண்ணன் போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஒருவர் வருகிறார், வழியை விட வேண்டும் என்கிற அவசரம் அவருக்கு வந்திருக்க வேண்டும். குறுகலான கதவு. நின்றுபோனார். பாதங்கள் தரையில் துடித்தன. உடம்பு முன்னால் சாய்ந்தது.

"போங்க சார்" என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

அண்ணன் போகவில்லை. ஜவுளிக்கடைக்காரர் தோளைத் தொட்டுத் தள்ளப் போனவர், கையைப் பாதியில் நிறுத்தினார். குனிந்து அந்தக் கால்களைப் பார்த்தார். வெறும் தரை, ஈ உட்கார்ந்தாலும் வழுக்குகிற அளவுக்கு வழவழப்பு. ஒரு தடங்கலும் இல்லை. அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இழுக்காதீங்க" என்றாள் துருவி. "உங்க காலை அவர் காலுக்கு முன்னால குறுக்க வைங்க."

"என் காலையா?"

"ஆமா. மிதிக்க மாட்டார்."

ஜவுளிக்கடைக்காரர் பளபளக்கும் தன் ஷூவைத் தயங்கித் தயங்கி நீட்டினார். அண்ணன் அதைப் பார்த்தார். வலது காலைத் தூக்கினார், ஷூவைத் தாண்டினார், அடுத்த காலும் பின்னாலேயே வந்தது. அவ்வளவுதான். வெளியே போய் வெயிலில் நின்றார்.

ஜவுளிக்கடைக்காரர் நீட்டிய காலை மடக்க மறந்து அப்படியே நின்றார்.

"இது எப்படி?" என்றார்.

"அதைத்தான் நாங்களும் கேட்டுட்டு இருக்கோம்."

அவர் அன்றைக்குக் கடைக்குத் திரும்ப வெகுநேரம் ஆனது. எழுத்து சிறுத்துப்போவது ஏன், மாத்திரை ஏன் ஒரு நேரம் கேட்கிறது இன்னொரு நேரம் கேட்பதில்லை என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். தபால்காரர் பொறுமையிழந்து, "உங்களுக்கும் இந்தம்மாவுக்கும் ஏதாவது சொந்தமா?" என்று துருவியைக் காட்டிக் கேட்டார். போகும்போது ஜவுளிக்கடைக்காரர் அண்ணன் எதிரில் வந்து நின்றார்.

"தப்பாப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அண்ணன் ஏதோ சொன்னார். அவருக்குக் கேட்கவில்லை. துருவியைப் பார்த்தார்.

"ஷூ நல்லா இருக்குன்னு சொல்றார்" என்றாள் அவள்.

கொடுத்த வாக்கை அவர் காப்பாற்றினார். பின்வாங்கியவர்களையும் அவரே போனில் பிடித்துக் கொண்டுவந்தார். "படத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, போய் வாசல்ல நின்னு பாருங்க" என்று அவர்களிடம் சொன்னாராம். வகுப்பு அதே கூடத்தில் தொடர்ந்தது. ஆராய்ச்சிக்காரிக்கு விரிப்பு வந்து சேர்ந்தது. அண்ணன் அதனால் குணமாகிவிடவில்லை. மாத்திரை கூடியது. வெயில் காலத்தில் ஒருமுறை குளியலறையில் விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டார். ஆனால் அண்ணி இப்போது அவர் நின்றுபோனால் முறைப்பதில்லை; பேச்சை நிறுத்தாமலே தன் காலைக் குறுக்கே நீட்டுகிறாள். அவர் தாண்டுகிறார்.

விரிப்பு வந்த மாதத்தில் ஆராய்ச்சிக்காரி துருவியைத் தேடி வந்தாள். நோய் இல்லாதவர்களும் விரிப்பில் நடக்க வேண்டுமாம்; ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும். கூடப் பிறந்தவர்கள் கிடைத்தால் ரொம்ப நல்லது என்றாள்.

துருவி உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. அவளைத் தெரிந்தவர்களுக்கு அது புதுசு. இத்தனை நாள் அண்ணன் காலையே பார்த்துக்கொண்டிருந்தவள், தன் காலை யாராவது அளப்பார்கள் என்று நினைத்ததே இல்லை. அளந்தால் ஏதாவது தெரிந்துவிட்டால்? அன்றைக்கு டீ குடிக்கும்போது அதை அண்ணனிடம் சொன்னாள்.

"பயமா?" என்றார் அவர்.

"ஆமா."

"தெரிஞ்சுக்காம இருந்துடுவியா?"

அவள் யோசித்தாள். "மாட்டேன்" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்தது.

ஆய்வுக்கூடம் நீளமான வெள்ளை அறை. நடுவில் சாம்பல் நிற விரிப்பு, ஜன்னலோரம் கம்ப்யூட்டர். அண்ணனும் கூட வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். துருவி செருப்பைக் கழற்றினாள்.

"ஒண்ணு முன்னாலேயே சொல்லிடறேன்" என்றாள் ஆராய்ச்சிக்காரி. "உங்க தனிப்பட்ட ரிசல்ட்டை நாங்க சொல்ல மாட்டோம். ஒருத்தர் நடையை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நூத்துக்கணக்கான பேரைச் சேர்த்துப் பாத்தாத்தான் அர்த்தம்."

துருவி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "சேர்த்துப் பாத்து என்ன தெரிஞ்சுதுன்னு சொல்வீங்களா?"

"கண்டிப்பா. ரெண்டு மூணு வருஷம் ஆகும்."

"ஆகட்டும்" என்று செருப்பைக் கீழே வைத்தாள்.

ஆராய்ச்சிக்காரி முதலில் சும்மா நடக்கச் சொன்னாள். நடப்பதை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால், நடக்கவே மறந்துபோகிறது என்று துருவி அப்போதுதான் கண்டுகொண்டாள். அடுத்த முறை நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே நடக்க வேண்டும். யோசனை வேறு பக்கம் போகும்போது கால் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காம்.

"தொண்ணூத்தி மூணு" என்று தொடங்கினாள் துருவி. "எண்பத்தாறு. எழுபத்தொம்பது. எழுபத்தி..."

கால் தடுமாறி நின்றது. கம்ப்யூட்டரில் ஏதோ கோடு வளைந்தது.

"எழுபத்தொண்ணு" என்றார் அண்ணன் நாற்காலியிலிருந்து. பயிற்சியில் அவர் குரல் கொஞ்சம் தேறியிருந்தது. இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

"சார், நீங்க சொல்லக்கூடாது. அதுவும் தப்பு" என்றாள் ஆராய்ச்சிக்காரி.

"எழுபத்திரண்டு!" என்றாள் துருவி. "அது சரி, என் கால் ஏன் இப்ப நின்னுச்சு?"

"நடந்து முடிங்க, சொல்றேன். முதல்லேர்ந்து."

துருவி திரும்பி, விரிப்பின் முனைக்கு வேகமாகப் போனாள்.